தவிட்டுக்கு வாங்கிய அண்ணன்

எலும்பு மஜ்ஜை என்ற சொல்லை வார்டுக்கு வெளியே போய்ச் சொல்லாதீர்கள். புதிதாக இந்தப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். பாடப்புத்தகத்தில் அது நல்ல சொல்தான். ஆனால் நம்மிடம் வருகிறவர்கள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆட்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்தாரிடம் நான் மஜ்ஜை மஜ்ஜை என்று மூச்சு வாங்க விளக்கினேன். அந்த வீட்டுப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லிய சொல்றியாம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் காலை புளியந்தோப்பிலிருந்து ஒரு பை நிறைய ஆட்டு நல்லி எலும்பு என் மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. "இது போதுமா, இன்னும் வோணுமா?" என்று அவர் பக்கத்தில் நிற்கிறார். அன்று மத்தியானம் ஊழியர்கள் எல்லாரும் சூப் வைத்துக் குடித்தோம். நானும் குடித்தேன், பொய் சொல்வானேன்.

ரத்த விதை என்றும் சொல்லிவிடாதீர்கள். ஆண்கள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு வேட்டியைப் பிடித்தபடி ஓடிவிடுவார்கள். உறைமோர் என்று சொல்லுங்கள். ஒரு கரண்டி உறை ஊற்றினால் ஒரு பானைப் பாலும் தயிராகிறது இல்லையா, அதுபோல நல்ல ரத்தம் ஊறுவதற்கு இன்னொருவரிடமிருந்து கொஞ்சம் உறை வாங்குகிறோம், அவ்வளவுதான். இதைச் சொன்னால் யாருக்கும் புரிகிறது.

நான் இந்த மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்து தலை நரைத்து ஓய்வு பெற்றவள். பூர்வீகம் தெற்கே. அப்பா திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்தார், நான் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று இங்கே ஒரு பெயர் உண்டு, அது சரியான பெயர்தான். என் முதல் மேலதிகாரி, அந்தம்மா பெயர் வேண்டாம், என் குணத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்தார்: "அழறவங்களுக்குத் தண்ணி குடு, சிரிக்கறவங்களுக்கு நாற்காலி குடு." அழுகிறவர் எப்படியும் சொல்லிவிடுவாராம். சிரிக்கிறவரை உட்கார வைத்தால்தான் விஷயம் வெளியே வருமாம். இதை நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அது ஓர் உயிரைக் காப்பாற்ற உதவியது, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நிவேதா என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. கடலோரக் குப்பத்துப் பிள்ளை, பி.காம் படித்துக்கொண்டிருந்தாள், கேரம் போர்டில் அந்த வட்டாரத்துப் பையன்களையெல்லாம் அழவைத்தவள். ரத்தப் புற்றுநோய் ஒரு தடவை வந்து அடங்கி, மறுபடியும் திரும்பியிருந்தது. மருந்து கொடுத்து மீண்டும் அடக்கியிருந்தார்கள். அடங்கியிருக்கும் அந்த இடைவெளியில் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தாக வேண்டும், அடுத்த முறை எழுந்தால் அடங்காது என்று எங்கள் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கூடப் பிறந்தவர் பொருந்தினால் காப்பீட்டுத் திட்டத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். வெளி ஆளைத் தேடிப் பிடித்து வரவழைப்பதென்றால் ஒரு மீன்பிடி லாஞ்சை விற்றாலும் பத்தாது, அவர்களிடம் விற்பதற்கு லாஞ்சும் இல்லை. அப்பா இல்லை. அம்மா தேசம்மாள் காசிமேட்டில் மீன் விற்பவள்.

நிவேதா வந்து சேர்ந்த சமயம் நான் விடுப்பில் இருந்தேன். மகளுக்குப் பிரசவம், தூத்துக்குடி போயிருந்தேன். எனக்குப் பதில் மேசையில் இருந்தது சித்தார்த் என்ற இளைஞன். பம்பாயில் பிறந்து, பம்பாயிலேயே சமூகப்பணி படித்த தமிழ்ப்பிள்ளை. தங்கமான பையன், யாரையும் புண்படுத்தாமல் பேசுவது எப்படி என்று தனியாகப் பயிற்சி எடுத்தவன். அவன் தேசம்மாளிடம் முறைப்படி, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்மா?" என்று கேட்டிருக்கிறான்.

"யாரும் இல்ல சார்."

வார்டு வாசலில் கதவு அகலத்துக்கு ஓர் ஆள் தினமும் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருப்பான். நிவேதா நர்ஸுகளிடம் அவனைத் தன் அண்ணன் என்று சொல்வாள். சித்தார்த் அவனைக் காட்டி, "அப்ப இவர் யாரு?" என்றான்.

"அதுவா. அது தவுட்டுக்கு வாங்குனது."

சித்தார்த் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தானாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டானாம்.

"ஊருக்கே தெரியும் சார்," என்றாளாம் தேசம்மாள்.

தத்துப்பிள்ளை, ரத்த உறவு இல்லை, பரிசோதனை தேவையில்லை என்று சித்தார்த் குறித்துக்கொண்டான். அதோடு விட்டானா என்றால் இல்லை. அந்த ஆளுடைய பெயர் ஆறுமுகம், ஆனால் அம்மா, தங்கச்சி, குப்பம், கடைசியில் வார்டு ஆயாவரை எல்லாரும் அவனை 'தவுடு' என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தார்த்துக்கு மனசு கேட்கவில்லை. நிவேதாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒருவருடைய கடந்த காலத்தை இப்படிக் கேலி செய்யக் கூடாது, அது ஆழமான காயத்தை உண்டாக்கும் என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறான். அவள் கேட்டுவிட்டு, "இன்னா சார் பேஜார் பண்ற, அவன் பேரே அதானே. டேய் தவுடு, இங்க வா, சார் உனக்காவ அழுவறாரு," என்று அண்ணனையே கூப்பிட்டுவிட்டாள்.

இங்கே கூடப் பிறந்தவர் இல்லை என்று முடிவானதால் சித்தார்த் வெளிக் கொடையாளர்களைத் தேடி ஒரு முகாம் ஏற்பாடு செய்தான். கொடையாளர்களைப் பதிந்து வைக்கும் ஒரு பதிவகத்து ஆட்கள் வந்து கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், அதை வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். குப்பத்துப் பஞ்சாயத்தில் அவன் எழுதிக் கொடுத்த அறிவிப்பு, 'நிவேதாவுக்கு மேட்ச் ஆகும் கொடையாளரைக் கண்டறிய ஞாயிறு காலை முகாம்.' மைக் பிடித்தவருக்கு அது நீளமாகப் பட்டிருக்கிறது. அவர் சுருக்கி, "நம்ம நிவேதா பாப்பாக்காவ ஞாயித்துக்கெயம காலைல மேட்ச் கீது, தலைக்கட்டுக்கு ஒரு ஆளு கண்டிப்பா வரணும்," என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார்.

நான் ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் அந்த ஞாயிறு. சமுதாயக் கூடத்துக்குப் போனால் வாசலில் பையன்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் குப்பத்து டீமும் வேன் பிடித்து வந்து இறங்கியிருக்கிறது. விசிலோடு ஒரு ரெஃப்ரி. உள்ளே பதிவகத்துப் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார்கள். சித்தார்த் ஒரு காப்டனுக்கு மனிதத் திசுப் பொருத்தம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

காப்டன் என்னிடம் வந்தான். "அப்ப மேட்ச் இல்லியா மேடம்?"

"இருக்கு. முதல்ல வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து கன்னத்தைக் காட்டுங்க. இஷ்டம் இருக்கிறவங்க மட்டும். பஞ்சாயத்து சொல்லிச்சின்னு யாரும் காட்ட வேணாம். அப்புறம் போய் ஆடுங்க."

வாய் கொப்புளிப்பதற்கே நேரம் போய்விட்டது. பாக்குப் போடாத வாய் அங்கே குறைவு. வந்தவர்களில் பாதிப் பேர் விருப்பப்பட்டே குச்சிக்கு வாயைத் திறந்தார்கள். பிறகு மணலில் ஆட்டம் நடந்தது. வேடிக்கை பார்த்தவர்களிடம் மீன்கூடையை ஏந்திப் பணம் சேர்த்தோம். மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலரை நானே மிரட்டி வரவழைத்திருந்தேன், அவர்களும் போட்டார்கள். திட்டத்தில் வராத மருந்துகளுக்கும் தங்கும் செலவுக்கும் அந்தக் கூடைதான் கடைசிவரை கைகொடுத்தது. ஆகவே அறிவிப்பு தப்பாகப் போனால் உடனே தலையில் கைவைக்காதீர்கள், கூட்டம் எதற்கு வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்தக் கூடத்தில் வரிசையின் முதல் ஆளாக நின்றது ஆறுமுகம். சித்தார்த் ஓடிப்போய் அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போவதைப் பார்த்தேன்.

"யாருப்பா அது? ஏன் அவரை விலக்கறே?"

சித்தார்த் என் காதோரம் குனிந்தான். "மேடம், மெதுவா. அவர் தத்து எடுக்கப்பட்டவர். அதுவும்..." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். "வெறும் தவிட்டுக்கு வாங்கியிருக்காங்க."

நான் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்குப் பகீரென்றது. முகாம் ஏற்பாட்டில் எத்தனை நாட்கள் போய்விட்டன என்று அப்போதுதான் உறைத்தது.

பம்பாய்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதைத் தாய் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, ஐயோ யாரோ போட்ட பிள்ளை என்று எடுத்துக்கொள்வாள். பிறகு தாய் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து, தன் வயிற்றுப் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்குவாள். எமன் வந்து கேட்டால், இது என்னுடையது இல்லை, வாங்கியது, அதுவும் தவிட்டு விலைக்கு, என்று சொல்லிவிடலாம். அத்தனை மலிவான சரக்கை எமன் எடுத்துப் போக மாட்டான் என்று நம்பிக்கை. ஆறுமுகம் தேசம்மாள் பெற்ற பிள்ளைதான்.

சித்தார்த்தின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. அவனை நான் திட்டவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அந்தத் தாய் சொன்ன பதிலைத்தான் எழுதினான். இதற்குப் பிறகுதான் நான் கேள்வியை மாற்றினேன். கூடப் பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டு நிறுத்தாதீர்கள். வீட்டில் யார் யார் சாப்பிடுகிறீர்கள், அவர் எப்படி வந்தார், எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தார் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள்.

இனி என்ன, ஓர் ஊசி ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும் என்று மறுநாள் தெம்பாக வார்டுக்குப் போனேன். தேசம்மாளிடம் விஷயத்தைத் தொடங்கியதுமே அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இங்க வாணாம். வெளிய வா," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவமனை கேட்டைத் தாண்டி, சாலையையும் தாண்டி, எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் பின்னால் போய்த்தான் வாயைத் திறந்தாள்.

"மொத ரெண்டயும் மண்ணுல வெச்சிட்டு வந்தவம்மா நானு. இவன பக்கத்து வூட்டு மேரி கையில குடுத்து வாங்குனப்பறம்தான் நின்னான். இன்னிவரிக்கும் எம்புள்ளன்னு ஒரு தபா கூட வாய் தொறந்து சொன்னது கெடையாது. பெரிம்மான்னு கூப்புட வெச்சி வளத்தேன். இப்ப அந்த எமன் எம்பொண்ணு கட்டிலாண்ட குந்திகினு கீறான். அவன் எதிர்ல நின்னு, இவனும் எம் வயித்துல பொறந்தவன்தான்னு சொல்லச் சொல்றியா? ஒண்ணு கேட்டு வந்தவன் ரெண்டயும் இட்டுனு பூடுவான்."

"தேசம்மா, ரத்தம்தான் எடுக்கப்போறோம். நீங்க எதுவும் சொல்லவே வேண்டாம்."

"டெஸ்ட்டு சொல்லிடுமே," என்றாள். "அத்த வுடு. இவளயும் அன்னிக்கே வித்திருக்கணும். பொட்டப்புள்ளய எமன் சீண்ட மாட்டான்னு ஊர்ல சொன்னாங்க. நானும் சொம்மா இருந்துட்டேன். ஒரு மொறம் தவுடு, எம்மா, ஒரு மொறம் தவுட்டுக்குப் பாத்து எம்பொண்ண உட்டுட்டேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மூடநம்பிக்கை என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பியிருக்கலாம், ஆனால் இரண்டு குழந்தைகளைப் புதைத்தவள் அவள், நான் அல்ல.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர், "அந்த ஆளுக்கு இருபத்தேழு வயசு ஆகுது. அம்மா சம்மதம் எதுக்கு? அவரைக் கேளுங்க, எடுங்க," என்றார். சட்டப்படி சரி. கொடுக்கிறவரிடம் எப்போதும் தனியாகப் பேச வேண்டும் என்பது நம் வேலையின் விதி, ஆகவே ஆறுமுகத்தைத் தனியாகக் கூப்பிட்டேன்.

சிரித்துக்கொண்டே வந்தான். லாஞ்சு ஓட்டுகிறவன், புயலில் மாட்டிக் கரை வந்தவன் என்று குப்பத்தில் பெயர். "ஊசின்னா எனக்கு பயம் மேடம், ஆள உடு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். கதவருகே நின்றபடியே இன்னொரு ஜோக் சொன்னான். அதற்கும் அவனே சிரித்தான். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

உட்கார்ந்தான். நாற்காலி ஒருமுறை முனகியது. கொஞ்ச நேரம் மேஜையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அந்த டெஸ்ட்டுல, மேடம், நான் யாரு புள்ளன்னும் தெரிஞ்சிடுமா?"

"ஏன் கேக்கறே?"

"ஊர்ல பாதி ஆளு, அது சொம்மா சடங்குடான்றான். பாதி ஆளு சிரிக்கிறான். மேரிம்மாவக் கேட்டா, குப்பையிலதான் எடுத்தேன், மெய்யாலுமேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுது. பெரிம்மா வாயத் தொறக்காது. இத்தினி வருசம் ஜாலியாத்தான் எடுத்துகினேன். முகாம்ல ஊரோட ஊரா நின்னேன், இப்ப அண்ணன்னு மெஷின்ல போட்டு, நீ வேற ஆளுன்னு வந்துட்டா? அப்பால அந்த வூட்ல நானு இன்னான்னு போய் குந்தறது?"

பாருங்கள், தாய்க்கு, அவன் தன் பிள்ளை என்று எமனுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். பிள்ளைக்கு அவள் தன் தாய் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் கட்டிலில் கேரம் விளையாடிக்கொண்டு கிடக்கிறாள். டீக்கடைக்குப் பின்னால் கேட்டதை அவனிடம் சொல்லிவிட என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் உரிமை நமக்குக் கிடையாது, அது எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும். எனக்குச் சொல்ல உரிமை உள்ளதை மட்டும் சொன்னேன்.

"ஆறுமுகம், ஒரே தாய் வயித்துல பொறந்தவங்களுக்கே நாலுல ஒரு பங்குதான் பொருந்தும். பொருந்தலேன்னா நீ வேற ஆளுன்னு அர்த்தம் இல்லை."

அவன் நிமிர்ந்தான். "சேரலன்னா, இப்ப கீற டவுட்டு அப்டியே கீது."

"ஆமா."

"சேந்துச்சின்னா?"

"அந்த அளவுக்குச் சேர்ந்தா அப்புறம் சந்தேகத்துக்கே இடம் இல்லை."

விரலை மடக்கி யோசித்தான். "அப்ப எப்டிப் பாத்தாலும் எனக்கு லாஸ் இல்லியே."

"இல்லை."

"எடுத்துக்க மேடம். ஆனா பெரிம்மா சரின்னு சொல்லணும். அது மூஞ்சி சுருங்கினு இருந்தா என்னால முடியாது."

ஆக மறுபடியும் தேசம்மாளிடம்தான் வந்து நின்றது. நிவேதாவின் ரத்த எண்ணிக்கை நன்றாக இருந்தது, எவ்வளவு நாள் அப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய டாக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு அப்பாவின் கடைப் பலகை நினைவுக்கு வந்தது. 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார். ஆனால் எப்போது யார் புளியைக் கொண்டுவந்து இது பழசு என்று நீட்டினாலும் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் காசிமேட்டுக்குப் போனேன். மேரி அங்கேதான் தேசம்மாளுக்குப் பக்கத்து இடத்தில் மீன் விற்பவள். வஞ்சிரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"இன்னா பண்ணணும்ன்ற?"

"நீங்க வித்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கணும். வாங்கின தவிட்டைத் தேசம்மாகிட்டயே கொடுத்துடுங்க. வியாபாரம் ரத்து. அவன் உங்க புள்ளை. மேரியோட புள்ளை, பக்கத்து வூட்டுப் பொண்ணுக்கு ரத்தம் குடுக்குது. எமனுக்கு இதுல என்ன வேலை?"

மேரி கத்தியைக் கீழே வைத்தாள். "நல்லா வியாபாரம் கத்துக்கினு கீற," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

தேசம்மாளிடம் மேரியே பேசினாள். என்ன பேசினாளோ தெரியாது. 'தவுடு திரும்பி வந்தா சரி' என்று பதில் வந்தது. இப்போது தவிட்டுக்கு எங்கே போவது? அரிசி மூட்டையில் வருகிறது, மாவு பாக்கெட்டில் வருகிறது, ராயபுரத்தில் தவிடு எவன் விற்கிறான்? செய்த தப்புக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்த சித்தார்த், நான் கொண்டுவருகிறேன் என்று ஓடினான். பளபளப்பான அட்டைப்பெட்டியில், வெளிநாட்டு ஓட்ஸ் தவிடு கொண்டுவந்தான். மேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சார் இது, சுகர்காரன் துன்றது. இத்தக் குடுத்தா எமன் புடிச்சிக்குவான்," என்றாள். கடைசியில் நான் மாதவரம் பால் பண்ணைப் பக்கம் போய், ஒரு மாட்டுத் தீவனக் கடையில் அசல் தவிடு வாங்கிவந்தேன். எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார், ஒன்றுதான், லாஞ்சு ஓட்டுகிறது என்று சொன்னேன்.

வார்டுக்குள் தவிட்டுத் தூசு வரக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கேட்டுக்கு அருகே வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டோம். மேரி சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முறத்துத் தவிட்டைத் தேசம்மாள் முந்தானையில் கொட்டினாள். ஆறுமுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கும்படி, "இது எம்புள்ள. எல்லாரும் பாத்துக்க. இது மேரி புள்ள. எம்புள்ளய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்," என்று முழங்கினாள். தேசம்மாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "யாரு புள்ளயா இருந்தா எனுக்கின்னா," என்றாள். மாடி ஜன்னலில் முகமூடியோடு நின்றிருந்த நிவேதா, "அப்ப எனக்கு அண்ணனே இல்லியா?" என்று கத்தினாள். தேசம்மாள் அண்ணாந்து, "வாய மூடினு படு," என்றாள்.

இது பொய்யில்லையா என்று சித்தார்த் அன்று என்னிடம் கேட்டான், நீங்களும் கேட்பீர்கள். எழுத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆறுமுகம் தன் கையால், தன் இஷ்டத்துக்கு, அண்ணன் என்றே கையெழுத்துப் போட்டான். மரத்தடியில் சொன்னது ஒரே ஓர் ஆளை ஏமாற்றுவதற்காக, அந்த ஆள் நம் மருத்துவமனை ஊழியர் அல்ல.

ஊசி பயம் என்று அவன் சொன்னது பொய் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் உண்மை. ரத்தம் எடுக்க ஊசியைப் பார்த்ததுமே சரிந்துவிட்டான், மூன்று பேர் சேர்ந்து தூக்கினோம்.

முடிவு வந்தபோது பெரிய டாக்டர் தொலைபேசியில், "அச்சு அசல். முழுப் பொருத்தம்," என்றார். ஆறுமுகத்தைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னேன். முதலில், "தங்கச்சிக்கு சரியாப் பூடுமா?" என்று கேட்டான். வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றேன். பிறகுதான், "அப்ப அது?" என்றான். "ஆமா," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், "எனுக்குத் தெரிஞ்சிச்சின்னு பெரிம்மாகிட்ட சொல்லாத மேடம். அது பயந்துக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இத்தனை வருடங்களில் என் அறையில் நான் அழுதது அபூர்வம். அன்று அழுதேன்.

சிகிச்சை லேசாக முடியவில்லை. நிவேதாவைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். புது ரத்தம் ஊறத் தாமதமானது, காய்ச்சல் வந்தது, ஒரு கட்டத்தில் பெரிய டாக்டரே கைக்கடிகாரத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். கேட்டுக்கு வெளியே தேசம்மாளும் மேரியும் அம்மனையும் மாதாவையும் மாற்றி மாற்றிக் கும்பிட்டுக்கொண்டு கிடந்தார்கள். வியாபாரம் ரத்தானதால் ஆறுமுகம் சட்டப்படி மேரி வீட்டிலேயே சாப்பிட்டு அங்கேயே படுத்தான். பிறகு ஒரு நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது, உறை பிடித்துவிட்டது என்று நான் தேசம்மாளுக்குச் சொன்னேன். நிவேதாவின் ரத்தப் பிரிவே மாறி அண்ணனுடைய பிரிவாக வந்தது. "இன்னிலேந்து நானும் தவுடு," என்று அவள் வார்டு முழுக்க அறிவித்துவிட்டாள். இந்தத் தடவை சித்தார்த் அதற்கு ஆலோசனை எதுவும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்குப் போய், மெல்லத் தலைமுடி முளைத்து, இனிமேல் வாரா வாரம் வரவேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு காலை மேரி எனக்குப் போன் செய்தாள். "கடைய சாத்திட்டு வா, வியாபாரம் கீது," என்றாள். சித்தார்த்தையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். மேரி வீட்டு வாசலில் ஆறுமுகத்தை ஒரு முக்காலிமேல் உட்கார வைத்திருந்தாள். நிவேதா பக்கத்தில் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தேசம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு முழு மூட்டைத் தவிடு. எங்கே விசாரித்து எங்கே வாங்கினாளோ, ஆட்டோக்காரன் தலையெல்லாம் தூசு.

"ஏய் தேசம், சடங்குக்கு ஒரு மொறம் போதும்," என்றாள் மேரி. "இது இன்னாத்துக்கு மூட்ட?"

தேசம்மாள் மூட்டையைத் தரையில் இழுக்கப் பார்த்தாள், அது அசையவில்லை. நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். இந்தத் தடவை அவள் வேறெங்கும் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொத தபா வெல தெரியாம ரொம்ப சல்லிசா வாங்கிட்டேன்."

ஆறுமுகம் முக்காலியிலிருந்து எழுந்து போனான். மூட்டையை ஒரே தூக்கில் தோளில் ஏற்றிக்கொண்டு மேரி வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"இன்னா பெரிம்மா," என்றான், "என் வெலய நானே சொமக்கணுமா?"

"சொம," என்றாள் தேசம்மாள். "சொமந்துட்டு வூட்டுக்கு வா, சோறு வெச்சிக்கீறேன்."